வாளை விட்டு வாரைப் பாருங்கள்: லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ்

ஃபேன்டஸி நாவல்களில் போர்க்காட்சி சொதப்புவது பெரும்பாலும் வாள்வீச்சில் இல்லை. நள்ளிரவில் எக்காளம் கேட்டு நாயகன் எழுவான். அடுத்த வரியிலேயே முழுக் கவசத்தோடு குதிரைமேல் இருப்பான். அவனுக்கு யார் மாட்டிவிட்டார்கள், எந்த வாரை எங்கே இறுக்கினார்கள் என்பது எழுதியவருக்கே தெரியாது. இந்தக் குறைக்கு நல்ல மருந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம். லண்டன் டவரில் நெருக்கியடித்துக் கிடந்த ஆயுதத் தொகுப்பின் பெரும்பகுதிக்காகவே கட்டப்பட்டு 1996இல் திறந்தது. அனுமதி இலவசம். லீட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தே போய்விடலாம்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது எஃகு மண்டபத்தை. எண்கோணக் கோபுரத்தின் சுவர் முழுக்க ஏறத்தாழ 2,500 பொருள்கள் கோலம் போட்டதுபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் எழுதுகிறவருக்கு அங்கே பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு ஆயுதத்தையும் அருகில் போய்ப் பார்க்க முடியாது. அணிவகுப்பாக மட்டுமே ரசிக்கலாம்.

நேரம் செலவிட வேண்டியது இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் கவசங்களுக்கு முன்னால். 1520இல் பிரான்ஸ் மன்னரோடு நடக்கவிருந்த விளையாட்டுப் போருக்காக, தரையில் நின்று மோதுவதற்கென்றே செய்யப்பட்ட கவசம் ஒன்று இங்கே இருக்கிறது. எடை ஏறத்தாழ 42 கிலோ, துண்டுகள் 235. முழங்காலின் பின்புறம், முழங்கையின் உள்மடிப்பு, பிட்டம் என்று வழக்கமாகத் திறந்தே கிடக்கும் இடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் சிறு தகடுகளால் மூடியிருக்கிறார்கள். 1960களில் நாசாவின் விண்வெளி உடை வடிவமைப்பாளர்களே இதை ஆராய்ந்தார்கள் என்றால் அந்த மூட்டு வேலையின் நேர்த்தியைப் புரிந்துகொள்ளலாம். இவ்வளவு செய்தும் இதை யாரும் அணியவில்லை. போட்டிக்குச் சில மாதங்கள் இருக்கும்போது விதி மாறியதால் பாதியில் கைவிட்டார்கள். மெருகேறாத தகட்டில் சுத்தியல் பட்ட தடம் இன்னும் தெரிகிறது. அவசரத்துக்குப் பழைய உருப்படிகளைச் சேர்த்து, குட்டைப் பாவாடை போன்ற இடுப்புத் தகட்டோடு ஒப்பேற்றிய மாற்றுக் கவசத்தையும் இங்கேயே பார்க்கலாம். ஒரு அரசவைக் கதைக்கு வேண்டிய அத்தனை பதற்றமும் இந்த இரண்டு கவசங்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஆனால் 42 கிலோவை அப்படியே தூக்கிப் போர்க்களக் காட்சியில் போட்டுவிடக் கூடாது. களத்தில் அணிந்த முழுக் கவசம் பொதுவாக 20 முதல் 30 கிலோ வரை. அது தோளில் மட்டும் தொங்காமல் உடல் முழுக்கப் பரவியிருக்கும். தடித்த பஞ்சுச் சட்டையில் தைத்த நாடாக்களில் கைக்கவசத்தைக் கட்டுவார்கள். மார்பையும் முதுகையும் வாரும் பக்கிளும் சேர்த்துப் பிடிக்கும். பாதத்தில் தொடங்கிக் கணைக்கால், தொடை, உடம்பு, கை என்று மேலே வந்து தலைக்கவசத்தில் முடிப்பதே வரிசை. மார்புத் தகட்டை மாட்டிவிட்டுத் தொடைக் கவசம் கட்டுவதாக எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்: குனிய முடியாது. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், கால் மணி நேரமாவது பிடிக்கும். அந்த ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்தாலே காட்சி உயிர் பெறும்.

குதிரைவீரன் கவசத்துக்கு முன் நிற்கும்போது இரண்டு தோள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலத்தோள் தகடு சிறிதாகவோ அக்குள் பக்கம் வெட்டப்பட்டோ இருக்கும். நீள ஈட்டியை இடுக்கிக்கொள்ள அங்கே இடம் வேண்டும். அதைத் தாங்கும் கொக்கி வலது மார்பில். உங்கள் நாயகன் இடதுகைப் பழக்கமுள்ளவன் என்றால் கடன் வாங்கிய கவசத்தில் அவன் பாடு திண்டாட்டம்தான்.

தமிழ் வாசகர் விட்டுவிடக் கூடாதது யானைக் கவசம். எட்வர்ட் கிளைவ் சென்னை கவர்னராக இருந்த காலத்தில் (1798–1803) அவர் மனைவி ஹென்றியட்டா சேகரித்து, 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. முகலாயர் கால வேலைப்பாடு. சின்னஞ்சிறு இரும்புத் தகடுகளை வளையங்களால் கோத்திருப்பதால் கனத்த துணிபோல மடிந்து விழுகிறது. நடுநடுவே உள்ள சதுரத் தகடுகளில் யானை, தாமரை, பறவை, மீன் உருவங்கள். சில பகுதிகள் தொலைந்த நிலையிலும் எஞ்சிய 5,840 தகடுகள் 118 கிலோ. முழுசாக இருந்தபோது 159 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நாலாயிரம் கிலோ யானைக்கு 159 கிலோ என்பது உடல் எடையில் நான்கு சதவீதம். அறுபத்தைந்து கிலோ மனிதனுக்கு 25 கிலோ கவசம் நாற்பதை நெருங்குகிறது. எனவே ‘இரும்புச் சுமையில் தள்ளாடியது களிறு’ என்று எழுதாதீர்கள். தள்ளாடுவது கூட ஓடும் வீரன்தான். யானைக்குச் சிக்கல் சூடு, மிரட்சி, நடக்கும்போது ஆயிரக்கணக்கான தகடுகள் எழுப்பும் சலசலப்பு. பதுங்கித் தாக்கும் காட்சியில் கவச யானைக்கு வேலையில்லை.

கொம்பு வைத்த தலைக்கவசம் ஒன்றும் இருக்கிறது, மூக்குக்கண்ணாடி வேறு மாட்டிக்கொண்டு. புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் எட்டாம் ஹென்றிக்கு அனுப்பிய பரிசு. இன்ஸ்ப்ரூக் கைவினைஞர் கொன்ராட் சூசன்ஹோஃபர் 1511–14இல் செய்தது. ஆட்டுக்கொம்புகளும் இரும்புத் தகடே. இது அரசவைக் கேளிக்கைக்கு. சண்டையில் கொம்பு என்பது எதிரியின் கோடரி வந்து மாட்டிக்கொள்ள நீங்களே வைத்துக்கொடுக்கும் கைப்பிடி.

வாள் சண்டைக்கென்றால் இவர்களிடமுள்ள ஐ.33 என்னும் கையெழுத்துப் பிரதியைத் தேடுங்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இன்று கிடைக்கும் வாள்பயிற்சி நூல்களில் மிகப் பழையது. ஒற்றைக் கை வாளும் சிறு கேடயமும் வைத்துக்கொண்டு ஒரு பாதிரியார் சீடனுக்குக் கற்றுத்தருகிறார். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண் அவரோடு மோதுகிறாள். படங்களில் வாளும் கேடயமும் கூடவே நகர்வதைக் கவனியுங்கள்: வெட்டும் கையைக் கேடயம் காக்கிறது. பெரும்பாலான நாவல்களில் கேடயம் மார்புக்கு முன்னால் சும்மா தொங்கும்.

குறைகளும் உண்டு. கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் வாள் எங்கே சமநிலை கொள்கிறது என்பது புரியாது. ஒற்றைக் கை வாள் 1.1 முதல் 1.4 கிலோதான். ஆனால் கனம் பிடிக்கு அருகில் இருந்தால் துள்ளும், முனையில் இருந்தால் இழுக்கும். இதை வாள்பயிற்சிக் கூடத்தில் கையில் பிடித்துத்தான் அறிய வேண்டும். பெரும் பீரங்கி வேண்டுமென்றால் இதே நிறுவனத்தின் இன்னொரு கிளையான ஃபோர்ட் நெல்சனுக்கு, போர்ட்ஸ்மத் பக்கம் போக வேண்டும். 1464இல் வார்த்த துருக்கிய வெண்கலப் பீரங்கி அங்கே இருக்கிறது. சுமார் 17 டன். இரண்டு துண்டுகளைத் திருகிப் பூட்டும் அமைப்பு.

லீட்ஸ் வரை போக முடியாதவர்கள் அவர்களது இணையத் தொகுப்பைத் திறந்தால் பல பொருள்களுக்கு நீளம், எடை கிராம் கணக்கில் கிடைக்கும். காசு கேட்பதில்லை. சென்னையில் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. கட்டாரியின் குறுக்குப் பிடியைப் பாருங்கள். முஷ்டி மடக்கிக் குத்துவதற்கானது அது. ‘கட்டாரியைச் சுழற்றினான்’ என்ற வரி உங்கள் பிரதியில் இருந்தால் அன்றைக்கே அடித்துவிடலாம்.