பெங்களூர் குளிர்ல பால் பைத்தான் (ball python) வளர்த்த ரெண்டு வருஷம்

2023 நவம்பர்ல வந்தப்போ, பந்து மாதிரி சுருண்டுக்கிற சின்ன வகை மலைப்பாம்பான என் குண்டுமணி வெறும் 62 கிராம், உள்ளங்கையில சுருண்டா எலுமிச்சம்பழ சைஸ். இப்போ 940.

முதல் நாலு வாரம் ஒழுங்கா சாப்பிட்டா, டிசம்பர் பாதில நிறுத்திட்டா. அஞ்சு வாரம் எலியத் திரும்பிக்கூட பாக்கல. நான் பயந்து போய் தினமும் எடுத்து எடை போடுறது, ராத்திரி டார்ச் அடிச்சுப் பாக்குறதுன்னு இருந்தேன். சேலத்துல இருந்து வந்திருந்த அம்மாதான் "நோண்டிக்கிட்டே இருந்தா எந்த உசுருடா சாப்பிடும், சும்மா விடேன்"னாங்க. அது உண்மைதான்.

இன்னொரு காரணம் குளிர். இது மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்துப் பாம்பு, அவ இருக்கிற பிளாஸ்டிக் டப்புல சூடான பக்கம் 31-32 டிகிரி, மறுபக்கம் 26 வேணும். இங்க டிசம்பர் ராத்திரி 15, 16க்கு இறங்கிடுது, ஹீட் மேட் தரையத்தான் சூடாக்கும் காத்தை இல்ல, விடியக்காலைல மறுபக்கம் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா 20! உடனே டப்பை பால்கனி ரூம்ல இருந்து உள் ரூமுக்கு மாத்தி, மூணு பக்கமும் தெர்மாகோல் கட்டி, ரெண்டு பக்கமும் உடம்பு ஒட்டி உக்கார்ற மாதிரி சின்ன ஹைடு, அதாவது ஒளிஞ்சுக்கிற கூடு வெச்சேன். பத்து நாள் தண்ணி மாத்துறதத் தவிர கையே வைக்கல.

அப்புறம் ஃப்ரோசன் எலிய ராத்திரியே ஃப்ரிட்ஜுல இறக்கி, சாயங்காலம் ஜிப் கவர்ல போட்டு சுடுதண்ணில வெச்சேன். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். மேலுதட்டுல இருக்கிற குட்டிக் குழிங்கதான் சூட்டை உணரும், அதனால தலைப்பக்கம் நல்லா வெதுவெதுன்னு இருக்கணும். இடுக்கியால பிடிச்சு நீட்டினேன், நாக்கு ஆடுறது நின்னுச்சு, கழுத்து வளைஞ்சு பின்னாடி போச்சு, டக்! மூணு சுத்து சுத்திட்டா. முழுங்கி முடிச்சு பெருசா ஒரு கொட்டாவி விட்டப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

குட்டியா இருக்கும்போது அவ எடையில 10-15% இருக்கிற எலியா வாரம் ஒண்ணு குடுத்தேன், இப்போ ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணு போதும். சாப்பிட்டு ரெண்டு நாள் தொடக்கூடாது, கக்கிடும்.

வாங்க நினைக்கிறவங்க பேப்பர் இல்லாம விக்கிறவங்ககிட்ட போகவே போகாதீங்க, 2024 விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், நானும் பண்ணியிருக்கேன். நம்ம நாட்டு மலைப்பாம்ப வீட்டுல வளக்கவே கூடாது. இருபது வருஷத்துக்கு மேல வாழுற உசுரு இது, வீடு மாறினாலும் கல்யாணம் ஆனாலும் கூடவே வரும், யோசிச்சு வாங்குங்க.

இப்போ கண்ணு பால் மாதிரி வெளுத்திருக்கு, தோல் உரிக்கப் போறா. இந்த வாரம் எலி கிடையாது, ஈரப்பதத்த மட்டும் 70% கிட்ட ஏத்தி வெச்சிருக்கேன்.