கோடிங் தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்கு வகுப்பு, வேளச்சேரி

வேளச்சேரியில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் இந்த வகுப்புக்கு மூன்று மாதமாகப் போகிறேன், ஐடியில் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். முன்பு வேறொரு இடத்தில் பைத்தான் என்ற கோடிங் மொழி படித்தேன். கோடு எழுத வந்தது, அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்பது மட்டும் புரியவே இல்லை. இங்கே சார் முதல் நாளே பழைய டெலிபோன் டைரக்டரியைக் கையில் கொடுத்து ஒரு பெயரைத் தேடச் சொன்னார். நடுவில் திற, ஒரு பாதியைத் தள்ளு, மறுபடி நடுவில் திற. அகரவரிசையில் 10 லட்சம் பெயர் இருந்தாலும் 20 தடவைக்குள் கிடைத்துவிடும், ஏனென்றால் இருபது 2-களைப் பெருக்கினால் 10,48,576. லாகரிதம், அதாவது எத்தனை 2-களைப் பெருக்கினால் ஒரு எண் வரும் என்ற கணக்கு, எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது! அப்புறம் நிகழ்தகவு, மேட்ரிக்ஸ் எல்லாம் உண்டு. ஒரே ஃபேன், வெயிலில் கஷ்டம்தான். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் போர்டில் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்.