ஜெர்பில் வாங்குவோர் கவனத்திற்கு: கடைக்காரர் தரும் ‘முழு செட்’

பிரிட்டனில் நாங்கள் வசிக்கும் ஊரிலுள்ள செல்லப்பிராணிக் கடை ஒன்றில் மகளுக்காக எலி போன்ற சிறு கொறிக்கும் பிராணிகளான ஜெர்பில்கள் இரண்டையும், கூண்டு, ஓடி விளையாடும் சக்கரம், படுக்கை, தீனி எல்லாம் அடங்கிய ‘முழு செட்’ ஒன்றையும் வாங்கினோம். ஜெர்பில் தனியாக இருக்க விரும்பாத பிராணி என்பதால், உடன்பிறந்த பெண் குட்டிகள் இரண்டு வேண்டும் என்று தெளிவாகக் கேட்டோம். இரண்டும் பெண்தான் என்று சொல்லியே பணம் வாங்கினார்கள். ஊழியர் அவற்றை வால் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டார். ஜெர்பிலின் வால்தோல் சட்டென்று உரிந்து வந்துவிடக்கூடியது. அதை அறியாத கடையில் வேறு எதையும் நம்பி வாங்க முடியாது.

முதலில் கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்கோலியாவிலும் வட சீனாவிலும் வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் இப்பிராணிக்கு, 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமாவது காகிதத் துகளும் வைக்கோலும் நிரப்பித் தோண்ட இடம் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டிதான் ஏற்றது. எங்களுக்கு விற்றதோ நான்கு விரல் ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டும் வண்ணக் குழாய்களும் கொண்ட கூண்டு. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரித்தால், அடியில் ஹாம்ஸ்டர் என்ற வேறொரு கொறிக்கும் பிராணியின் படமும் ‘ஹாம்ஸ்டர்களுக்கு மட்டும்’ என்ற வரியும் இருந்தன. குழாய்களின் இணைப்புகளை ஜெர்பில்கள் வெகு விரைவில் கொறித்துத் துளையிட்டுவிட்டன.

சக்கரம் அதைவிட மோசம். ஓடும் பரப்பு இடைவெளியின்றி முழுத் தகடாக இருக்க வேண்டிய இடத்தில் கம்பிப் படிகள் இருந்தன. அவற்றுக்கிடையில் ஒன்றின் வால் சிக்கி, நுனித்தோல் உறைபோலக் கழன்றுவிட்டது. உரிந்த தோல் மீண்டும் வளராது என்றும், வெளித்தெரியும் எலும்பு காய்ந்து தானே விழும் என்றும் கால்நடை மருத்துவர் விளக்கினார். படுக்கைக்கென்று கொடுத்த பஞ்சையும் உடனே எடுத்துவிடச் சொன்னார். அதன் இழைகள் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

அவர் சொன்ன அடுத்த செய்திதான் எங்களைத் திகைக்க வைத்தது: காயம்பட்டது ஆண், மற்றது சினையாக இருக்கும் பெண். ஆசனவாய்க்கும் சிறுநீர்த் துளைக்கும் உள்ள இடைவெளி ஆணுக்குப் பெண்ணைவிடச் சுமார் இரு மடங்கு இருக்கும். பழகிய கண் நொடியில் கண்டுகொள்ளும் வேறுபாடு இது. ஏறத்தாழ 25 நாளில் குட்டி போடும் இப்பிராணி, ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினையாகலாம் என்பதால் ஆணைப் பிரித்து வேறு தொட்டியில் வைத்தோம். முன்பின் அறியாத ஜெர்பிலோடு சேர்த்தால் சாகும்வரை சண்டையிடக்கூடும் என்பதால் அதற்குத் துணையாக வேறொன்றை வாங்கி விடவும் வழியில்லை.

கடைக்குச் சென்றபோது, “உயிருள்ளவற்றைத் திரும்ப எடுப்பதில்லை” என்று ஒருவரும், “வேண்டுமானால் கொண்டுவாருங்கள், வேறு இரண்டு தருகிறோம்” என்று மற்றொருவரும் ஒரே மேசையின் இரு முனைகளில் நின்று சொன்னார்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகர் விற்கும் செல்லப்பிராணிகளுக்கும் பொருந்தும். சொன்ன விவரத்துக்கு மாறாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். பிராணிகளைத் திருப்பித்தர மகளுக்கு மனமில்லை. எனவே கூண்டுக்கும் சக்கரத்துக்கும் உரிய தொகையையும் மருத்துவச் செலவையும் எழுத்துமூலம் கோரினோம். விலைச்சீட்டு ஒட்டியிருந்த அட்டைப்பெட்டியின் படம் கைவசம் இருந்ததால் கூண்டுப் பணம் வந்துவிட்டது. ரசீதில் ‘ஜெர்பில் 2’ என்று மட்டுமே இருப்பதைக் காட்டி, பெண் என்று தாங்கள் சொல்லவே இல்லை என்று மருத்துவச் செலவைத் தர மறுக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன்பே ஆணா பெண்ணா என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; எழுதத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.