சிவப்புக் கைப்பிடி: ஒரு பேட்டரி ஐசோலேட்டரின் மீதான புகார்

"இன்வெர்ட்டரிலேயே ஆஃப் பட்டன் இருக்கிறதே, பேட்டரிக்குத் தனியாக ஐசோலேட்டர் எதற்கு?" என்று, சோலார் சிஸ்டத்தில் பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் ஸ்விட்சைப் பற்றி நண்பர் கேட்டார். என் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைச் சீராக்கிப் பேட்டரியில் ஏற்றும் கருவி) ரிப்பேருக்குப் போய் வந்த கையோடு கேட்டுவிட்டார். அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

முதலில் அந்த பட்டன். பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் அது நிறுத்துவது ஏசி அவுட்புட்டை மட்டும்தான். விளக்கு அணையும், ஃபேன் நிற்கும். பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும், டெர்மினலில் 48 வோல்ட் அப்படியே நிற்கும். 48 வோல்ட்தானே என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். ஸ்பேனர் ஒன்று குறுக்கே விழுந்தால் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், அப்போது தெரியும். ஆகவே ஐசோலேட்டர் கட்டாயம் வேண்டும், பேட்டரிக்கு ஒட்டி ஒரு டிசி ஃபியூஸும் வேண்டும்.

என்னுடையது திருப்பு வகை, கழற்றக்கூடிய சிவப்புக் கைப்பிடி. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடினால் இதன் வழியாக 100 ஆம்பியருக்கு மேல் போகும். இத்தனை காலத்தில் ஒருநாளும் தொட முடியாத அளவு சூடானதில்லை. இணைப்பில் ஒரே ஒரு மில்லிஓம் கூடினாலும் 100 ஆம்பியரில் 10 வாட் வெப்பமாகிவிடும் என்பதை நினைத்தால், இது சாதாரணத் தரமில்லை. அப்புறம், கைப்பிடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். நாம் டெர்மினலில் கை வைத்திருக்கும்போது வேறு யாரும் ஆன் செய்துவிட முடியாது. இதற்காகவே பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

என் எரிச்சலெல்லாம் அதன் நிறத்தின் மேல்தான். மொத்த சிஸ்டத்திலும் கடைசியாகத் தொட வேண்டிய ஸ்விட்ச் இது. அதுதான் பெரிதாக, சிவப்பாக, கண்ணுக்கு நேரே இருக்கிறது. முன்னதாக அணைக்க வேண்டிய பேனல் ஐசோலேட்டரோ ஒரு மூலையில், சாம்பல் நிறப் பெட்டிக்குள்.

வரிசை இதுதான்: முதலில் லோடுகள், பிறகு இன்வெர்ட்டர், பிறகு பேனல், கடைசியில் பேட்டரி. திரும்ப இணைக்கும்போது பேட்டரி முதலில், அதற்குப் பிறகே பேனல். வெயிலில் பேனல் தள்ளும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு வோல்டேஜைப் பிடித்து நிறுத்துவது பேட்டரிதான். அதைச் சட்டென்று பிடுங்கினால் கன்ட்ரோலரின் அவுட்புட்டில் வோல்டேஜ் எகிறும். சில கன்ட்ரோலர்கள் தாங்கும். என்னுடையது தாங்கவில்லை. டெர்மினல் சுத்தம் செய்ய வந்த டெக்னீஷியன், உச்சி வெயிலில், நேராகப் போய் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பினார். தொழிலே இதுவாக இருப்பவர்! வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது: அவசரத்தில் யார் கைதான் சாம்பல் பெட்டியைத் தேடிப் போகும்?

இன்னொரு குறை, இதை லோடு ஓடும்போது திருப்பக் கூடாது. ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் எனும் மின்தீப்பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்தச் சலுகை கிடையாது, கான்டாக்ட் விலகினாலும் இடைவெளியில் நெருப்பு நின்று எரியும். திரும்ப ஆன் செய்யும்போதும் இன்வெர்ட்டரின் காலி கெப்பாசிட்டர்கள் ஒரேயடியாக மின்சாரத்தை இழுத்து 'டப்'பென்று ஒரு ஸ்பார்க் வரும். அதற்கு முன் சில வினாடி ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்வது நல்லது. கூடவே ஒன்று கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

தரம், உழைப்பு, பாதுகாப்புப் பூட்டு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் தருகிறேன். ஆனாலும் நண்பரே, இதை வாங்காதீர்கள். லோடு ஓடும்போதும் துண்டிக்கக்கூடிய டிசி பிரேக்கர் வாங்குங்கள். பேட்டரி லைனில் மின்சாரம் இரண்டு பக்கமும் ஓடும் என்பதால் பிளஸ், மைனஸ் திசை குறித்த பிரேக்கர் உதவாது, திசை பார்க்காத வகையாக இருக்க வேண்டும். அதையும் பேனல் ஐசோலேட்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பேனலுக்கு 1, பேட்டரிக்கு 2 என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். சிவப்பு, அந்த 1-க்கு இருக்கட்டும்.