டூயியா, ஃப்ரேரேயா: கல்வி எதற்கு?

அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் குழந்தைகள் கையில் பஞ்சையே கொடுத்தார்கள். கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தெடுப்பது எவ்வளவு சிரமம்! பருத்திக்கு முன்னால் கம்பளி ஏன் பரவியது என்பது விரல்களுக்கே புரிந்துவிடும். செய்து கற்பது, சேர்ந்து வாழப் பழகுவது: அவருக்கு அதுவே கல்வி.

பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேரே 1963இல் தன் நாட்டின் அஞ்சிகோஸ் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்தார். அவர் முறையில் 'செங்கல்' போன்ற அன்றாடச் சொல்லை அசை அசையாகப் பிரிப்பார்கள். கூடவே அந்த வேலையையும் வாழ்க்கையையும் பற்றிய பேச்சு நடக்கும். மாணவரை வெறும் பாத்திரமாக நினைத்துப் பாடத்தால் நிரப்புவதை, வங்கியில் பணம் போடுவதற்கு ஒப்பிட்டுச் சாடினார் அவர்.

சிறு பிள்ளைகளுக்கு டூயியின் வழிதான் என்பேன். வளர்ந்தவர்களுக்கு, சந்தேகமே இல்லை, ஃப்ரேரே. வாழ்ந்து பார்த்தவரிடம் பேச நிறைய இருக்கிறது. முதலில் அதைக் கேட்க வேண்டும்.