வெள்ளைக் கை வைத்த ஆர்சனல் ஜெர்சி: துணி அருமை, சீட்டில் இருப்பது தப்பு

பழைய கால்பந்து ஜெர்சிகளை அதே மாதிரி தைத்து ஆன்லைனில் விற்கிற ஒரு கடையில் வாங்கிய, லண்டன் கிளப்பான ஆர்சனலின் சட்டை இது. சிவப்பு உடம்பு, வெள்ளைக் கை, வெள்ளைக் காலர், நெஞ்சில் விளம்பரம் எதுவும் கிடையாது. கனமான பருத்தி, தோளில் இரட்டைத் தையல். பல முறை துவைத்தாயிற்று, சிவப்புச் சாயம் கைப்பகுதியில் கொஞ்சம்கூட இறங்கவில்லை, இந்த மாதிரி சட்டையில் முதல் பயமே அதுதான். கழுத்துப் பட்டன் மட்டும் தொளதொளவென்று வந்தது, ஊசி நூல் எடுத்து நானே இறுக்கிக்கொண்டேன்.

எனக்குப் பொறுக்காதது உள்ளே தைத்திருக்கிற சீட்டு. "1930 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம்" (இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பை அது) என்று போட்டிருக்கிறார்கள். அன்று வெம்ப்ளி மைதானத்தில் ஆர்சனல் ஆட்டக்காரர்களின் கையும் சிவப்புதான். வெள்ளைக் கை வந்தது 1933 மார்ச்சில், லிவர்பூலுடன் ஆடிய ஆட்டத்தில். மூன்று வருஷம்தானே என்று என்னால் விட முடியவில்லை, ஏனென்றால் இந்தச் சட்டை ஹெர்பர்ட் சாப்மன் என்ற ஒரு மேனேஜர் யோசித்து மாற்றியது.

சாப்மன் 1921-லிருந்து ஹடர்ஸ்ஃபீல்டு கிளப்பில் மேனேஜராக இருந்தார், 1922-இல் எஃப்.ஏ. கோப்பை, 1924, 1925 இரண்டு வருஷமும் லீக் பட்டம். அப்புறம் அதுவரை பெரிதாக எதையும் ஜெயிக்காத ஆர்சனலுக்கு வந்து, அணியைக் கட்ட ஐந்து வருஷம் ஆகும் என்றார். சரியாக ஐந்தாவது வருஷம், 1930 ஏப்ரல் 26, அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அவருடைய பழைய ஹடர்ஸ்ஃபீல்டேதான். அவருக்கு மரியாதையாக இரண்டு அணியும் சேர்ந்தே மைதானத்துக்குள் நடந்து வந்தன, ஆட்டத்தின் நடுவில் கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மன் வான்கப்பல் தலைக்கு மேலே தாழ்வாகப் போனது, அலெக்ஸ் ஜேம்ஸும் ஜாக் லாம்பெர்ட்டும் அடித்த கோல்களில் ஆர்சனல் 2-0. அடுத்த சீசனில் 127 கோல் போட்டு லீக், 1933-இல் மறுபடி லீக்.

ஆனால் எனக்கு அவரைப் பிடிப்பது கோப்பைகளுக்காக மட்டும் இல்லை. தூரத்தில் நிற்கிற ரசிகனுக்கும், பந்தோடு ஓடுகிறபோது அரைக்கண்ணால் பார்க்கிற ஆட்டக்காரனுக்கும் யார் எங்கே என்று சட்டென்று தெரிய வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். 1928 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஷெஃபீல்ட் வென்ஸ்டேயுடன் ஆடியபோதே முதுகில் எண் போட்டு இறக்கினார், லீக் அதைக் கட்டாயமாக்கியது 1939-இல்தான். வெள்ளைப் பந்து வேண்டும் என்றார். ஆர்சனலின் ஹைபரி மைதானத்தில் விளக்குகள் பொருத்தினார், அதிகாரப்பூர்வ ஆட்டங்களுக்கு அவற்றை எரிய விட அனுமதி கிடைக்கவில்லை. 1932-இல் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த கில்லெஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையத்தின் பெயரையே ஆர்சனல் என்று மாற்ற வைத்தார்! வெள்ளைக் கையும் அந்த வரிசையில் வந்ததுதான். அதைப் போட்டு தன் அணி ஆடியதை அவர் பார்த்தது பத்து மாதம்கூட இல்லை. உடம்புக்கு முடியாமல் இருந்தும் மூன்றாம் அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனார், நிமோனியாவாகி 1934 ஜனவரி 6-ஆம் தேதி இறந்துபோனார். வயது 55. அவர் கட்டிய அணி அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் லீக் ஜெயித்தது.

அதனால்தான் சீட்டைப் பற்றிக் கடைக்கு எழுதினேன், அடுத்த முறை தைக்கும்போது மாற்றுகிறோம் என்று பதில் வந்தது. மாற்ற வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு: கூடுதல் காசுக்கு முதுகில் பெயரும் எண்ணும் அச்சடித்துத் தருகிறார்கள், வேண்டாம். 1933-இல் லீக் ஆட்டத்தில் வெறும் முதுகுதான், பெயர் போடும் பழக்கம் வந்ததோ அறுபது வருஷம் கழித்து. தோள் அகலமாக வெட்டியிருக்கிறார்கள், வழக்கமாகப் போடுகிற அளவுக்கு ஒன்று குறைத்தே எடுங்கள். சாப்மன் காலத்து நீலமும் வெள்ளையும் பட்டையாகப் போட்ட காலுறையையும் தைத்து விற்றால் உடனே வாங்குவேன்.