எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்: 4,700 ரூபாய் போன விதம்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்களுக்குப் பாலக்காடும் பக்கம்தான், பொள்ளாச்சியும் பக்கம்தான். தமிழில் விவரமாகக் கேட்டு வாங்கலாமே என்று கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனேன். கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை விழுந்துவிட்டது. விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்வார். நாகஸ்வரம் கேட்காமல் அவருக்குப் பொழுது புலராது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் என்று மூன்று ரிமோட்களை இடது கையால் மாற்றி மாற்றி எடுக்க அவரால் முடியவில்லை. ஒரே பொத்தானில் மூன்றும் ஆன் ஆகி எரிய வேண்டும் என்று கேட்டேன். "அதற்கென்ன சார், யுனிவர்சல் ரிமோட் போட்டுவிடலாம்" என்றார் கடைக்காரர். ரிமோட் 2,400 ரூபாய், வீட்டுக்கு வந்து அமைத்துத் தரக் கூலி 500.

முதல் நாள் சரியாக இருந்தது. இரண்டாம் நாள் டிவி எரிந்தது, ஆம்ப்ளிஃபையர் அணைந்தது. மறுபடி அழுத்தினால் இது எரியும், அது அணையும். "நான்தான் தவறாக அழுத்திவிட்டேனா?" என்று அப்பா கேட்டது இன்னும் மனத்தை அறுக்கிறது.

கடைக்காரர் வந்து பார்த்து, ஆம்ப்ளிஃபையரில் ரிமோட்டின் ஒளியை வாங்கும் சென்சார் போய்விட்டது என்றார். பழைய ரிமோட்டுக்கு மட்டும் ஒழுங்காக எரிகிறதே என்று கேட்டேன். அதற்குச் சமிக்ஞை பலம் அதிகம் என்று சொல்லிவிட்டார். பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய் மூன்று நாள் கழித்துத் தந்தார். சென்சார் மாற்றியதற்கு 1,800 ரூபாய். ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

கோளாறு அப்படியே இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடிமூடியின் திருகு ஒன்றின்மேல் கம்பெனி ஒட்டிய உத்தரவாத ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. அதைக் கிழிக்காமல் அந்த மூடியைத் திறக்கவே முடியாது.

உண்மையான காரணம் இதுதான். பெரும்பாலான ரிமோட்களில் பவர் பொத்தான் அனுப்புவது ஒரே ஒரு கட்டளை: அணைந்திருந்தால் எரி, எரிந்துகொண்டிருந்தால் அணை. மூன்று சாதனங்களுக்கும் இதையே வரிசையாக அனுப்பும்படி அமைத்துவிட்டால், ஒன்று மட்டும் முன்பே எரிந்துகொண்டிருந்தாலோ, போர்வை மறைத்து ஒரு கட்டளை போய்ச் சேராவிட்டாலோ, அதன் பிறகு எல்லாமே தலைகீழ்தான். ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி தடித்த துணியை எளிதில் ஊடுருவாது. சோனி சாதனங்களின் ரிமோட் ஒரே கட்டளையைக் குறைந்தது மூன்று முறை திருப்பி அனுப்பும். அத்தகைய சாதனத்துக்குக் கட்டளையை ஒரே ஒரு முறை அனுப்பினால் போதாமல் போகலாம்.

இதற்கு வழி இருக்கிறது. சில சாதனங்கள் "எரி" என்பதற்கும் "அணை" என்பதற்கும் தனித்தனிக் கட்டளைகளை ஏற்கும். எங்கள் ஆம்ப்ளிஃபையரில் அது கிடைக்கவில்லை. ஆனால் பழைய ரிமோட்டில் "சிடி", "டிவி" என்று உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள் உண்டு. பெட்டி அணைந்திருக்கும்போது "டிவி" பொத்தானை அழுத்தினேன். உள்ளே ரிலே "டிக்" என்றது, சிவப்பு விளக்கு பச்சையானது. மறுபடி அழுத்தினேன், அணையவில்லை. இரண்டு ரிமோட்களையும் எதிரெதிரே வைத்து அந்தக் கட்டளையைப் புதியதற்குக் கற்றுக்கொடுத்தேன். ஆம்ப்ளிஃபையர் விழிக்கச் சில நொடிகள் ஆவதால், அடுத்து ஒலியளவுக் கட்டளை போவதற்கு முன் ஐந்து நொடி இடைவெளி வைத்தேன். மொத்தம் அரை மணி நேர வேலை. இதற்கா 1,800 ரூபாய்?

யாராவது சென்சார் போய்விட்டது என்றால், முதலில் பழைய ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். அதற்கு வேலை செய்தால் சென்சாரில் கோளாறில்லை. புதிய ரிமோட்டின் முனையைக் கைபேசியின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால், பெரும்பாலான கைபேசிகளில் வெளிர் ஊதா ஒளி மினுங்குவது தெரியும். தெரிந்தால் ரிமோட் ஒளி அனுப்புகிறது என்று பொருள். பெட்டியைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் ஸ்டிக்கரையும் திருகுகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "கேரளாவில் இருந்துகொண்டு இங்கே வந்து வழக்குப் போடுவீர்களா?" என்றார். போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாலக்காட்டில் கொடுப்பதற்கு மனு எழுதிவிட்டேன். அந்தத் துண்டுக் காகிதமும் கிழியாத ஸ்டிக்கரின் படமும் அதனுடன் இணைந்திருக்கின்றன.